குளிரும் குதிரையும்

இராவுத்தர் எனும் சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். அப்பெயரைத் தாங்கிய குடும்பத்தில் பிறந்தும், ஐம்பது வயது வரை நான் ஏறி ஓட்டியதெல்லாம் மிதிவண்டி ஒன்றே. நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவனுக்குக் குதிரை ஏது?

1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பண்டித நேரு தொடங்கி வைத்த சுரங்கத்தில், 1961இல் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அத்தா அங்கே பணியில் சேர்ந்தார். முதல் ஷிப்டு ஆயினும், இரவு ஷிப்டு ஆயினும் மிதிவண்டிப் பயணந்தான். மார்கழியில் முந்திரித் தோப்புகளின் மீது பனி கவிந்து கிடக்கும். அத்தா காதுகளை மறைத்து மப்ளர் சுற்றிக்கொள்வார். பனியனுக்கும் சட்டைக்கும் இடையே பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வார். அவர் மூச்சு விடுந்தோறும் அது சரசரக்கும்.

ஒருநாள் காலை, இரவுப் பணி முடிந்து வந்தவர் பள்ளி வாசலில் என்னைக் கண்டு வண்டியை நிறுத்தினார். சட்டைக்கு மேலே காகிதம் எட்டிப் பார்த்தது. நண்பர்கள் சிரித்தனர். "யாரடா அவர்?" என்று ஒருவன் கேட்டான். "பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன். அத்தாவின் செவியில் அது விழுந்ததா என்று அறியேன். ஆனால், மறுநாள் முதல் அவர் வேறு வழியாக வீடு திரும்பலானார். அதுபற்றி ஒரு சொல்லும் கேட்டாரில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு ஜனவரியில் மகளுடன் உதகைக்குச் சென்றேன். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். புல்வெளியில் உறைபனி வெண்மையாய்ப் படிந்திருந்தது. ஏரிக்கரையில் குதிரைக்காரர் கடிவாளத்தின் இரும்பை இரு உள்ளங்கைகளிலும் பொத்திச் சூடேற்றிய பிறகே குதிரையின் வாயில் இட்டார். குளிர்ந்த இரும்பு அதன் வாயை வருத்துமாம்.

குதிரைக்கு இருந்த பாதுகாப்பு எனக்கில்லை. பருத்திச் சட்டை, மெல்லிய கோட்டு, இறுக்கமான காலணி. நடப்பவனுக்கு நடையே சூடு தரும். சேணத்தில் அமர்ந்தவனுக்கோ கால்கள் அசையாது தொங்கும், காற்று நேரே மார்பில் மோதும். சற்று நேரத்தில் அங்கவடியில் இருந்த விரல்கள் மரத்துப் போயின.

குதிரைக்காரர் என்னை இறக்கினார். "கொஞ்சம் குதிரையோடு நடந்து வாருங்கள் ஐயா, காலணிக் கயிற்றைத் தளர்த்துங்கள். இறுக்கினால் இரத்தம் ஓடாது" என்றார். பருத்தி, வியர்வையில் நனைந்தால் உடம்பைக் குளிரச் செய்யும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு வெப்பம் காக்கும் என்றும் சொன்னார். பிறகு தேநீர்க் கடையிலிருந்து ஒரு செய்தித்தாளை வாங்கி வந்து, "மார்பில் வையுங்கள். மடிப்புகளுக்கிடையே நிற்கும் காற்றுத்தான் கம்பளம்" என்றார்.

வைத்தேன். மூச்சு விட்டதும் அது சரசரத்தது. அந்த ஒலியைக் கேட்டு எத்தனை ஆண்டுகள்!

மீண்டும் ஏறியபோது கோட்டுக்கு மேலே காகிதம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அருகில் நின்ற சில இளைஞர்கள் நகைத்தனர். மகள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. குதிரைக்காரரிடம், "எங்கள் அத்தா இப்போதுதான் முதன்முறை ஏறுகிறார். மெல்ல நடத்துங்கள்" என்றாள்.

சவாரி முடிந்ததும் குதிரைக்காரர் குதிரையை உடனே நிறுத்தாமல், வியர்வை அடங்கும் வரை மெதுவாக நடத்தி, முதுகில் கம்பளி போர்த்தினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில், காயலில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதையும், சரியான பராமரிப்பின்றி அவை மடிந்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். விலை கொடுத்து வாங்குவது எளிது; அறிந்து பேணுவதே அரிது.

குளிரைத் தாங்கும் வழியை அத்தா எனக்கு அன்றே காட்டியிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க இப்போது அவர் இல்லை. மார்கழி வைகறையில் நெய்வேலிச் சாலையில் இன்றும் மிதிவண்டி ஓட்டுகிறேன். மார்பில் செய்தித்தாள் இருக்கிறது. அது வெளியே தெரிந்தால் நான் உள்ளே தள்ளுவதில்லை.