இழுக்காத லாரி, பிடிக்காத பிரேக்

சங்ககிரி, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரும் டிரைவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். "வண்டி இழுக்கல அண்ணே." இல்லாவிட்டால், "பிரேக் பத்தல அண்ணே." கம்ப்யூட்டர் நுழையாத பழைய டாடா 1613 மாதிரி லாரி என்றால், முதல் புகாருக்கு நான் பிரேக்கைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டாவது புகாருக்கு இன்ஜின் பக்கம் போவேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் சிரிப்பார்கள்.

வண்டி வந்து நின்ற சூட்டிலேயே நாலு டிரம்முக்கும் அருகில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொடக் கூடாது. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே லைனர் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கிரீஸ் காணாத கேம் புஷ் இறுகியிருக்கலாம். நான் அதிகம் பார்ப்பது டிரைவரின் கைவேலையை. மலை இறங்கிய சூட்டில் டிரம் விரிந்து, பிரேக் பிடிப்பு குறைந்ததுபோல் இருக்கும். அங்கேயே ஓரங்கட்டி ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருகிவிடுவார். டிரம் ஆறிச் சுருங்கியதும் லைனரைக் கவ்விக்கொள்ளும். அதோடு ஓட்டிக்கொண்டு வந்து, டீசல் பம்பைக் கழற்றச் சொல்வார்.

எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் இன்னொரு திருடன் உண்டு. சைலன்ஸர் பைப்பில் இருக்கும் அந்தத் தகடு கரி பிடித்துப் பாதி மூடியபடி நின்றுவிட்டால், புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். கரும்புகை, சூடு, இழுவைக் குறைவு எல்லாமே வரும். நாசிலைப் பிரிப்பதற்கு முன் அந்த லீவரைக் கையால் ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். யாரும் பார்ப்பதில்லை.

பிரேக் பத்தவில்லை என்றால் ஏர் டேங்கின் அடியில் உள்ள டிரெயின் காக்கைத் திறப்பேன். தண்ணீர் வந்தால் கவலையில்லை, காற்றின் ஈரம்தான். அதைத் தினமும் வடித்துவிட வேண்டும். கருப்பாக எண்ணெய் வழிந்தால், கம்ப்ரஸரிலிருந்து இன்ஜின் ஆயில் மேலேறி வருகிறது. அந்த ஆயில் போய்ச் சேரும் வால்வுகளில் எல்லாம் ரப்பர் உப்பிக் கெடும். உடனே கம்ப்ரஸர் ரிங் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதக் கூடாது. பல வண்டிகளில் கம்ப்ரஸரும் இன்ஜினின் ஏர் ஃபில்டர் வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. ஃபில்டர் அடைத்தால் இன்ஜின் கரும்புகை கக்கும். கம்ப்ரஸரோ காற்றுக்குப் பதில் ஆயிலை உறிஞ்சும். ஒரே அடைப்பு, இரண்டு புகார்.

புகையில் கருப்பை விட எனக்குப் பயம் நீலம்தான். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெள்ளைப் புகை சூடேறியும் நிற்காமல், ரேடியேட்டரில் குமிழியும் வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

காற்றுக் கசிவுக்குக் காதுதான் கருவி. இன்ஜினை அணைத்து, பட்டறையில் எல்லோரையும் வாயை மூடச் சொல்வேன். பெடலை மிதிக்காமலே 'உஸ்' என்று கேட்டால் டேங்க், பைப், இணைப்பு என்று தேட வேண்டும். மிதித்துப் பிடிக்கும்போது மட்டும் கேட்டால் சேம்பரின் டயாஃப்ரம் மீது சந்தேகம். இடத்தைச் சோப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்கவில்லை என்பார் சிலர். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் கியரின் பிடிப்பும் போகும், ஐட்லிங்கில் ஓடும் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்றேற்றும். சுமை முழுவதும் லைனர் மேல். கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கழற்றினால் நீலம் பாய்ந்த டிரம்மும் கண்ணாடியாக மின்னும் லைனரும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிக் கொடுங்கள் என்று முதலாளி போனில் சொல்வார். அப்படி மாட்டிய வண்டியை நான் வெளியே விடுவதில்லை.