எழுபது வளைவுகளுக்கு அப்பால்

கொல்லி மலைக்குக் காரில் போனவர்கள் உண்டு. பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனவர்கள் அதைவிட அதிகம். சைக்கிளில் போனால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதற்குக் காரணம் வீரம் அல்ல, அறியாமைதான். 1923-இல் பம்பாயிலிருந்து சைக்கிளில் புறப்பட்ட பார்ஸி வாலிபர்களில் மூவர் உலகத்தையே சுற்றிவிட்டு 1928-இல் வீடு திரும்பினார்கள் என்று படித்திருந்தோம். அவர்கள் உலகத்தைச் சுற்றும்போது நாங்கள் ஒரு மலையில் ஏறக்கூடாதா?

தை மாதத்துக் குளிரில், விடிவதற்கு முன்பே நாமக்கல்லை விட்டுக் கிளம்பினோம். சேந்தமங்கலம் கடந்து காரவள்ளி வந்து சேரும் வரையில் சைக்கிள் எங்களைச் சுமந்தது. அதற்கு மேல் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். மோட்டாரில் போகிறவருக்கு அது வேடிக்கை. சைக்கிளில் போகிறவருக்குக் கடன் பத்திரம். பத்தாவது வளைவு வரையில் பாடிக்கொண்டு போனோம். இருபதாவதில் பேச்சு நின்றது. முப்பதாவதில் இறங்கித் தள்ள ஆரம்பித்தோம். கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் எங்களை ஆழ்ந்த அனுதாபத்துடன் பார்த்தன.

அப்போது, தலையில் ஒரு மூட்டையுடன் பெரியவர் ஒருவர் எங்களைக் கடந்து, சாலையை விட்டுப் பாறைகளுக்கு இடையே ஒரு குறுக்குப் பாதையில் ஏறி மறைந்தார். நான்கு வளைவுகளுக்கு மேலே ஒரு மரத்தடியில் அவர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"சைக்கிள் எதுக்குங்க தம்பி? அதையும் சேர்த்து நீங்கதானே சுமக்கிறீங்க?" என்றார்.

அவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். வளைவுக்கு ஒரு வயது என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு சரியாகவே வந்தது. தேவனூர் நாட்டுக்காரர். பகல் சாப்பாட்டுக்குத் தம் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் பாறைகளுக்குள் மறைந்தார்.

கொல்லி மலைவாசிகள் தங்கள் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே வழங்குகிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு என்று இப்படிப் பல நாடுகள். தங்களை 'மலையாளிகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலை மக்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது.

உச்சியை அடைந்தபோது வேறு உலகத்துக்குள் வந்தது போலிருந்தது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். காப்பித் தோட்டங்கள்; நிழல் மரங்களைத் தழுவிப் படர்ந்த மிளகுக் கொடிகள். பெரிய சாலையை விட்டு விலகித் தேவனூர் நாட்டுக்குள் நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது: எந்தச் சரிவைப் பார்த்தாலும் மரவள்ளி. மெதுவாகப் போகிறவனுக்குத்தான் இது தெரியும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மண் என்று கேள்விப்பட்டிருந்தோம், அவை எங்கே?

பெரியவர் வீட்டில் விடை கிடைத்தது. இலையில் ஆவி பறக்கச் சாமைச் சோறு விழுந்தது. பின்கட்டில் ஒரு சிறு துண்டு நிலத்தில் மட்டும் அந்த வீட்டு அம்மாள் சாமை விதைத்து வருகிறார். விதை அற்றுப் போகக் கூடாது என்பதற்காக. மற்ற நிலமெல்லாம் மரவள்ளி. கிழங்கு லாரியேறிச் சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. கையில் பணம் வருகிறது. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது.

வயிறு நிறைந்த மனிதனுக்கு உபதேசம் செய்ய ஆசை வரும். "இவ்வளவு நல்ல தானியத்தை விடலாமா, அம்மா? 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷமென்று உலகமே கொண்டாடியதே!" என்றோம்.

அம்மாள் கோபிக்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கை உலக்கை பிடிச்ச கை, தம்பி. ஒரு வேளைச் சோத்துக்குப் பாதி நாள் குத்தணும். இப்போ சில ஊரிலே மெஷின் வந்திருக்கு, நல்லதுதான். கொண்டாடினவங்க வாங்கிச் சாப்பிட்டா நாங்க ஏன் விதைக்காம இருக்கப் போறோம்?"

நாங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தோம். காலையில் எழுபது வளைவு ஏறியதற்காக எங்களையே மெச்சிக்கொண்டிருந்தோமே, அந்தப் பெருமை அங்கேயே இறங்கிவிட்டது. அவர்கள் ஆயுள் முழுவதும் ஏறிய ஏற்றத்துக்கு எண் எழுதிய பலகை ஏது?

விலை கொடுத்து இரண்டு படி சாமை அரிசி வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். இறக்கம் சுலபம் என்று நினைப்பவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும். பத்து வளைவுக்கு ஒரு தரம் நின்று, பிரேக்கினால் கொதித்துப் போன சக்கர வளையத்தை ஆறவிட்டோம். காரவள்ளிக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விரல்கள் மடங்க மறுத்தன.

மறுநாள் வீட்டில் அந்தச் சாமையைக் கல் அரித்து, பொங்கி, குழந்தைகளுக்குப் பரிமாறினோம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த மாதமும் வாங்குவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஆனால், இந்த முறை பஸ்ஸில்தான்!