அரைக்காலும் அடுக்குக்குறியும்

வங்கத்தில் வாழும் நம் பிள்ளைகள் கடைவீதியில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசி, உணவு வேளையில் மட்டும் தமிழுக்குத் திரும்புகின்றனர். அறிவுக்கு அயல்மொழி, அடுப்படிக்குத் தாய்மொழி என்றாகிவிடுமோ என்னும் கவலை நெடுநாளாய் என்னுள் இருந்தது.

காளிகாட்டிலுள்ள எங்கள் இல்லத்தில், ஒரு மாலை, என் பேத்தி இயற்கணிதக் கணக்கொன்றைக் காட்டினாள். (க⁻¹ + ச⁻¹)⁻¹ என்பதைச் சுருக்க வேண்டும். குறை அடுக்கு உடையதைக் கோட்டின் மறுபுறம் மாற்றுவது என்ற விதியை மனப்பாடமாக வைத்திருந்தாள். விடை க + ச என்று எழுதிவிட்டு, "சரிதானே, தாத்தா?" என்றாள்.

"எண்ணிட்டுப் பார்ப்போம், அம்மா" என்றேன். 8, 4, 2, 1 என இரண்டின் அடுக்குகள் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் பாதியாகின்றன. ஒன்றுக்குக் கீழும் படிகள் உண்டு. 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால், 2⁻⁴ வீசம். ஆங்கிலம் குறியால் எழுதும் இவற்றுக்கு நம் முன்னோர் பெயரே சூட்டியிருந்தனர். 1957-இல் தசம நாணயம் வரும்வரை, ரூபாயில் வீசமே ஓர் அணா. முழுமையைக் குறிக்க வங்காளியர் இன்றும் 'ஷோலோ ஆனா' என்கின்றனர்.

க = 2, ச = 4 எனக் கொள்வோம். அரையும் காலும் முக்கால். முக்காலின் தலைகீழ் 4/3. பேத்தியின் விடையோ 6! பெருக்கலில் காரணியாய் நிற்பது கோட்டைக் கடக்கலாம். கூட்டலில் உறுப்பாய் நிற்பது தனித்துக் கடத்தல் ஆகாது. முதலில் உள்ளே கூட்டினால் (க + ச)/கச. அதைத் தலைகீழாக்கினால் கச/(க + ச). எண்ணிட்டால் 8/6, அதாவது 4/3. "முக்கால் என்று சொன்னதும் புரிந்துவிட்டது" என்றாள் அவள்.

எங்களுக்கு அண்மையிலுள்ள பவானிப்பூர் மித்ரா இன்ஸ்டிடியூஷனில் ஆசிரியராக இருந்த கேசவ சந்திர நாக் (1893–1987), வங்காளத்தில் எழுதிய கணித நூல்களால் பல தலைமுறைகளைப் பயிற்றுவித்தார். எண்ணெய் பூசிய மூங்கிலில் ஏறும் குரங்கின் கணக்கை இங்குள்ள முதியோர் இன்னும் நினைவுகூர்வர். தாய்மொழியில் கணக்குப் பயின்றதனால் அவர்கள் எதிலும் பின்தங்கிவிடவில்லை.

தேர்வை நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும், அதில் குறையொன்றுமில்லை. ஆயினும் விடை மெய்யா என்று உரசிப் பார்க்க வீட்டில் ஓர் உரைகல் வேண்டும். அரைக்கால், வீசம் என்னும் சொற்களை அறிந்த முதியோர் அருகிவருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே அச்சொற்களைப் பேரப்பிள்ளைகளின் கணக்கேட்டில் சேர்த்துவிடுவது நம் கடமை.