இதயத்துக்குள் வைரம்

அப்பாவுக்கு 76 வயது. ஆஞ்சியோ படத்தைப் பார்த்த டாக்டர், ‘‘ரத்தக் குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு கல்லு மாதிரி இருக்கு’’ என்றார்.

‘‘வெத்தலைக்கு இப்படிச் சுண்ணாம்பை அப்பாதீங்கன்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!’’ என்று அம்மா நாற்பது வருஷத்து வழக்குக்குத் தீர்ப்பு வாங்கப் பார்த்தாள். டாக்டர் தள்ளுபடி செய்துவிட்டார். வயது, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு... இவைதான் குற்றவாளிகளாம்.

1977-ல் ஜூரிச் நகரில் க்ரூன்ட்ஸிக் என்ற டாக்டர், முதன்முதலாக இதயக் குழாய்க்குள் பலூனை அனுப்பி அடைப்பை விரித்தார். கொழுப்பு அடைப்பு பலூனுக்கு வழிவிடும். சுண்ணாம்பு? சிமென்ட் பைப்புக்குள் பலூன் ஊதின கதைதான். மீறி ஸ்டென்ட்டைத் திணித்தால் பாதி விரிந்து நின்றுவிடும். மறுபடி அடைத்துக்கொள்ளும் அபாயமும் அதிகம்.

ஆகவே, முதலில் சுண்ணாம்பைக் கவனிக்க வேண்டும். டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிறுநீரகக் கல்லை உடைக்கும் அதிர்வலை வைத்தியம். 1980-ல் ம்யூனிக்கில் ஆரம்பித்த சமாச்சாரம். இப்போது அதைப் பலூனுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். குழாய்க்குள் பொறி தட்டினால் அதிர்வலை கிளம்பி, சுண்ணாம்பு விரிசல் விடும். இதயக் குழாய்க்கு அமெரிக்கா 2021-ல் அனுமதி கொடுத்தது.

இன்னொன்று, ரோட்டாப்ளேஷன். வைரத்துகள் பதித்த கடுகு சைஸ் உருண்டை, நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றிச் சுண்ணாம்பைத் தேய்த்தெடுக்கும். (அம்மாவுக்கு வைரத்தோடு வாங்கித் தராத மனுஷனுக்கு இதயத்திலேயே வைரம்!)

அப்பாவின் குழாயில் பலூன் நுழையவே இடமில்லை. எனவே வைரம்தான். ஸ்டென்ட் விலைக்கு 2017-ல் அரசாங்கம் உச்சவரம்பு வைத்ததே என்று தெம்பாக இருந்தேன். இதற்குத் தனி பில்!

‘‘குழாயில் ஓட்டை விழலாம்’’ என்ற வரி சம்மதப் படிவத்தில் இருந்தது. ரிட்டயர்ட் தாலுகா ஆபீஸ் கிளார்க்கான அப்பா, கண்ணாடி போட்டு ஒரு வரி விடாமல் படித்தார். ‘‘இந்த வயசுல எனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?’’ என்றார். நான் பதில் சொல்லாமல் பேனாவை நீட்டினேன். கை நடுங்கியது. என் கை.

மணிக்கட்டு வழியாகவே முடித்துவிட்டார்கள். அப்பா விழித்துக்கொண்டேதான் இருந்தார். ‘‘பல் டாக்டர் மெஷின் மாதிரி சத்தம்டா’’ என்றார். மூன்றாம் நாள் வீடு. இப்போது மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறுகிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஆஞ்சியோ எடுத்தால், ‘எத்தனை பர்சென்ட் அடைப்பு?’ என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ‘சுண்ணாம்பு இருக்கா? ஸ்டென்ட் வைக்கறதுக்கு முந்தி அதை என்ன பண்ணப் போறீங்க?’ என்றும் கேளுங்கள். கேள்விக்கு பில் கிடையாது.