ஊறட்டும் விடு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பால்பாயிண்ட் பேனாவுக்குத் தடை. கையெழுத்து கெட்டுப்போகும் என்று வாத்தியார்கள் சொன்னார்கள். அதனால் 1980களின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் வளர்ந்த எங்கள் செட்டுக்கு நடுவிரலில் ஒரு நீலக் கறை நிரந்தரம். சட்டைப்பைக்குக் கீழே இன்னொன்று. மை தீர்ந்துபோனால் முடிச்சூர் ரோட்டுப் பெட்டிக்கடையில் சில்லறைக் காசுக்குக் கண்ணாடி ஃபில்லரால் ஊற்றிவிடுவார்கள். பாட்டிலில் ‘பிரில்’ என்றுதான் இருக்கும். கடைக்காரர் அதில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தார் என்பது அவருக்கும் அவர் வீட்டுக் குழாய்க்கும்தான் தெரியும்.

அந்தப் பேனாக்களில் ஒளிவுமறைவு கிடையாது. கழுத்தைத் திருகினால் உள்ளே வெறும் குழல். ஒழுகினால் மரையில் தையல் நூல் சுற்று, இல்லாவிட்டால் வாசலின் தடவு. நிப் உடைந்தால் வேறு நிப் செருகு. சேவுக்கும் வெள்ளரிக்கும் பேர்போன சாத்தூரில் அப்போது நிப் செய்வதும் வீட்டுத் தொழில், நாலணா எட்டணாவுக்குக் கிடைக்கும். ஆறாம் வகுப்புப் பையன் செய்யக்கூடிய ரிப்பேர்தான் எல்லாம். மெக்கானிக் தேவைப்பட்டதெல்லாம் வால்பக்கம் ஒரு குமிழ் வைத்த பேனாக்களுக்கு. அந்தக் குமிழைத் திருகினால் பேனா தானாக மையை உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட பேனாக்கள் எங்கள் தெருவுக்கு வந்ததே பெரியப்பாவால்தான்.

பெரியப்பா ரயில்வேயில் ஃபிட்டர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் இருந்ததே, அந்தப் பெட்டிகளைக் கழற்றி மாட்டுகிற ஷெட்டில் வேலை. வாரம் முழுக்கச் சுத்தியலும் ஸ்பேனருமாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து உட்காருவார். உள்ளே காது கழுவுகிற ரப்பர் பல்ப், வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கும் லென்ஸ், தேய்ந்த பல் பிரஷ், வேப்பங்குச்சிகள், நாலு விரற்கடை சைக்கிள் டியூப். ஷெட்டில் கழித்துப்போட்ட ஃபீலர் கேஜ் ஒன்றும் உண்டு. இடுக்கி மட்டும் கிடையாது. “பேனா ஒடையறது பாதி இடுக்கியாலதான்டா” என்பார்.

தாம்பரத்துக்கு ஜெர்மன் பேனா எப்படி வந்தது? மின்சார ரயிலில்தான் வந்தது. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டியில் ஐ.ஐ.டி. தொடங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் பயிற்சிக்கு ஜெர்மனி போய்த் திரும்பினார்கள். பெட்டியில் குளிர்கோட்டு, கேமரா, சட்டைப்பையில் ஒரு பெலிக்கான். அவர்களில் ஒருவர் சேலையூர்ப் பக்கம் குடியிருந்தார். ஒர்க்ஷாப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். தெருவில் அவருக்கு ஜெர்மன் சார் என்றே பெயர். 1960களில் ஜெர்மனியிலேயே அவர் வாங்கிய பச்சை வரிப் பேனா, பெலிக்கான் 140. பத்து வருஷத்துக்கு மேலாக எழுதாமல் பீரோவில் கிடந்து குமிழ் இறுகிப்போய்விட்டது. கடைத்தெருவில் யாரிடமோ காட்டியிருக்கிறார். அந்த ஆள் குறட்டால் திருகப் பார்த்ததில், குமிழில் பல் பதிந்த தடம் இருந்தது. பெரியப்பா அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்த மாதிரி அவர் யாருடைய காயத்தையும் பார்த்து நான் கண்டதில்லை.

குமிழை அவர் தொடவே இல்லை. மூடியைக் கழற்றி, கழுத்து முங்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் தலைகீழாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நிப்பின் நுனியிலிருந்து ஒரு நீல இழை பிரிந்து, நேராக அடிக்கு இறங்கிச் சுருண்டு படுத்தது. அதன்பின் இன்னொன்று. காலையிலும் மாலையிலும் தண்ணீரை மாற்றுவது என் வேலை. வெந்நீர் ஊற்றினால் சீக்கிரம் ஆகுமே என்றேன். எபோனைட் வெந்நீரில் கறுப்பு செத்துப் பழுப்பாகும், சில பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும் என்றார். ஸ்பிரிட்? ஒரு வக்கீல் குமாஸ்தா அப்படித்தான் சுத்தமாகும் என்று ஸ்பிரிட்டில் துடைத்து, உடல் பிசுபிசுத்துப்போன பேனா ஒன்று டப்பாவில் கிடந்தது. அதை எடுத்துக் காட்டினார். “ஊறட்டும் விடு.” அந்த வாரம் முழுக்க அதற்குமேல் பேச்சில்லை.

அடுத்த ஞாயிறு சைக்கிள் டியூப் துண்டை நிப்பின்மேல் சுற்றினார். நிப்பையும் அதற்கு அடியில் இருக்கும் கறுப்பு நாக்கையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்; நிப்பை மட்டும் பிடித்தால் நாக்கு நின்ற இடத்தில் நிற்க, நிப் சாய்ந்துவிடும். விரலுக்கு வேலை கொடுக்காமல் மணிக்கட்டால் இடப்பக்கமாக ஒரு சின்ன அழுத்தம். நகரவில்லை. வலப்பக்கம் ஒரு மயிரிழை, மறுபடி இடம். முனகல்கூட இல்லாமல் மரை விட்டுக்கொடுத்தது. இந்தப் பேனாக்களில் நிப், நாக்கு, இரண்டையும் பிடித்திருக்கும் வளையம் மூன்றும் ஒரே துண்டாகத் திருகிக்கொண்டு வெளியே வரும். நாக்கில் வரிசையாக மெல்லிய செதில்கள். மை அதிகமாக இறங்கினால் அந்த இடுக்குகள் தாங்கிக்கொள்ளும், அதனால்தான் தாளில் சொட்டுவதில்லை. அன்று அந்த இடுக்கெல்லாம் கஷாயம் வற்றிய பாத்திரத்தின் அடிமண்டி போலக் கருநீலம் இறுகியிருந்தது. பல் பிரஷும் ரப்பர் பல்பும் மாறிமாறி. நிப்பின் பிளவுக்கு ஃபீலர் கேஜில் உள்ளதிலேயே மெல்லிய தகடு. ரயில் பெட்டியின் இரும்புகளுக்கு நடுவே இடைவெளி அளந்த தகடு, 14 காரட் தங்கத்தின் நடுவே ஒரே ஒரு முறை வழுக்கி வந்தது. பிளேடு கூடாதாம், கீறிவிடும்.

இப்போது உடலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பச்சை வரிகளுக்கு இடையே வெயில் ஊடுருவியது. உள்ளே, தூரத்தில், பிஸ்டனின் தலை ஒரு வட்டமாகத் தெரிந்தது. குமிழைத் திருகினார். வட்டம் என்னை நோக்கி வந்தது.

இன்றைக்கும் அந்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை. குமிழ் சுற்றுகிறது, அதோடு ஒட்டிய திருகாணியும் சுற்றுகிறது. ஆனால் பிஸ்டனின் தண்டைச் சுற்றவிடாமல் ஒரு கூடு பிடித்துவைத்திருக்கிறது. சுற்ற வழியில்லாதது என்ன செய்யும்? முன்னே போகும், பின்னே வரும். ஹங்கேரியப் பொறியாளர் தியோடர் கோவாக்ஸின் யோசனை இது. உரிமையை வாங்கிய ஜெர்மன் கம்பெனியான பெலிக்கான் 1929-இல் தன் முதல் பேனாவை அந்த ஏற்பாட்டோடு வெளியிட்டது. அதற்கு முன்பு பெலிக்கான் என்றால் மையும் வர்ணமும்தான். ரப்பர் பை வைத்த பேனாக்களில் பை அடைக்கிற இடத்தையும் சேர்த்து மைக்கே கொடுத்துவிட்டதால் ஒரு தடவை நிரப்பினால் தாள் தாளாக ஓடும்.

பின்பக்கத்தையும் கழற்றுங்கள் பெரியப்பா என்று நச்சரித்தேன். மறுத்துவிட்டார். 140-இல் பிஸ்டன் கூடு மரையில் நிற்பதில்லை, இறுக்கத்தில் நிற்கிறது. நிப் இருந்த ஓட்டை வழியாக ஒரு மரக்குச்சியை விட்டு மெல்லத் தட்டினால் வெளியே வந்துவிடும். வரும். ஆனால் ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் அந்த இறுக்கத்தில் கொஞ்சம் போய்விடும். காரணமில்லாமல் திறக்கிறவனை அவர் மெக்கானிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜெர்மன் சார் லேபில் கண்ணாடிக் குழாய்த் திருகுகளுக்குப் பூசும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வைத்திருந்தார். அதில் கடுகளவு எடுத்து, வேப்பங்குச்சி நுனியால் முன்பக்கமாகவே உள்சுவரில் தடவி, பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டினார். குமிழ் வெண்ணெயாகத் திரும்பியது.

மாலையில் சார் வந்து எழுதிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “ஃபிட்டர், என்ன ரிப்பேர்?”

“ரிப்பேர்லாம் ஒண்ணுமில்ல சார். குளிச்சு நாளாச்சு, அவ்ளோதான்.”

பின்னாளில் நானே எத்தனையோ பிஸ்டன் பேனாக்களைத் திறந்துவிட்டேன். ரிப்பேர் என்று வருவதில் முக்கால்வாசி ரிப்பேரே அல்ல, கழுவாத குற்றம். மீதியில் பாதி, கழுவுவதற்குப் பொறுமையில்லாதவர்கள் செய்த சேதம்.

நிஜமான ரிப்பேரும் ஒன்று பார்த்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் கிராமபோன் ஊசிப் பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து பெரியப்பா பொறுக்கி வந்த கறுப்புப் பேனா. பெயர் தேய்ந்துபோயிருந்தது. குமிழ் தாராளமாகச் சுற்றியது, தண்ணீர்தான் ஏறவில்லை. இதில் பின்பகுதி மரையில் நின்றதால் திறந்தார். பிஸ்டன் தலையில் பிளாஸ்டிக் இல்லை, கார்க். காய்ந்து சுருங்கிய கார்க் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. 1930களின் பேனாக்களில் இதுதான் வழக்கமாம். மற்றப் பேனாவைக் கழுவிக் காயவைக்க வேண்டும், கார்க் பேனாவைக் காயவே விடக்கூடாது.

புது கார்க்குக்கு எங்கே போவது? ஓமியோபதி மருந்துக் குப்பி. அந்தச் சின்ன அடைப்பானின் நடுவே பழுக்கக் காய்ச்சிய குடைக்கம்பியால் ஓட்டை போட்டு, ஒரு போல்ட்டில் கோத்து, கைத்துரப்பணத்தில் மாட்டி என்னைச் சுற்றச் சொல்லிவிட்டு, உப்புத்தாளைப் பட்டும் படாமல் பிடித்தார். ரெண்டு சுற்று, உடலுக்குள் விட்டுப் பார்ப்பது. மறுபடி ரெண்டு சுற்று. தளர்ந்தால் குப்பை, இறுகினால் உடல் விரிசல் விடும். பதம் வந்தபிறகு பெரியம்மாவின் தாளிப்புக் கரண்டியை எடுத்து, மெழுகுவர்த்தித் துண்டும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகும் உருக்கி, கார்க்கை அதில் போட்டார். போட்டதும் ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழிகள். கார்க்கின் கண்களில் இருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தில் மெழுகு போய் உட்காருகிறது. கடைசிக் குமிழியும் அடங்கும்வரை கரண்டியை அசைக்காமல் பிடித்திருந்தார். பெரியம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். மறுநாள் புதுக் கரண்டி வந்தது.

பேனா தண்ணீர் ஏற்றியது, மை ஏற்றியது. அதற்கு நல்ல நிப் வேண்டுமென்று பாரிமுனைக்குக் கூட்டிப்போனார். என்.எஸ்.சி. போஸ் ரோடு ‘ஜெம் அண்ட் கோ’, 1920களிலிருந்து பேனாவே தொழிலாக நிற்கிற கடை. கண்ணாடி அலமாரி அலமாரியாகப் பேனா. எனக்கு நினைவிருப்பது கடையைவிட, கவுண்டருக்கு அந்தப்புறம் இருந்தவரும் பெரியப்பாவும் ஒரு நிப்பை லென்ஸில் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றதுதான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம் திண்ணையில் டம்ளர்கள் வரிசை கட்டும். சாமி முன்னால் வைக்கிற பேனா அழுக்காக இருக்கக்கூடாது என்று தெருவே கொண்டுவந்து கொடுக்கும். பூஜையன்று படிக்கவோ எழுதவோ கூடாதல்லவா, அதனால் எதுவும் ஒழுகுவதாகப் புகார் வராது. பெரியப்பாவுக்கு வருஷத்தில் பிடித்த நாள் அது. பிறகு வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் வந்தது. பள்ளிக்கூடத் தடையும் எப்போது போனதென்று தெரியாமல் போயிற்று.

பல்லாவரம் பேனாவைத் தெருவில் சீட்டு நடத்திய மாமா கேட்டு வாங்கிப்போனார். கணக்கு நோட்டில் அதால் கையெழுத்துப் போட்டால் ஒரு கெத்து. நாலைந்து மாதத்தில் திரும்பி வந்தார், குமிழ் அசையவில்லை. நீலம் இருந்த பேனாவில் கழுவாமலே சிவப்பை ஏற்றியிருக்கிறார். உள்ளே ரெண்டும் சேர்ந்து சேறாகிவிட்டது. பெரியப்பா ஒன்றும் பேசாமல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“இது எப்ப ரெடியாகும் ஃபிட்டர்?”

“நான் எடுத்த சீட்டுப் பணம் எப்ப வரும்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு நாள் முன்னாடி ரெடி.”