எந்தப் பள்ளி, எந்தக் கல்லறை?

கோட்டயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சில கார்கள் இரண்டு இடங்களில் நிற்கின்றன. மனைவியை ஒரு பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, கணவர் வேறொரு பள்ளிக்குப் போகிறார். குழந்தைகள் யாரோடு இறங்குவது என்பது அந்தந்த வீட்டு விவகாரம். இங்கே பள்ளி என்றால் தேவாலயம். பிள்ளைகள் படிக்கப் போவது ஸ்கூல்.

ஊருக்குப் பள்ளிகளுக்குப் பஞ்சமே இல்லை. மீனச்சில் ஆற்றுக்கு அருகே 1550இல் கட்டப்பட்ட வலியபள்ளி இருக்கிறது. பாரசீகச் சிலுவைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் அங்கே வருகிறார்கள். கூப்பிடு தூரத்தில் 1579இல் எழுந்த செறியபள்ளி. பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்றுதான் அர்த்தம். ஒன்றாக வழிபட்டுவந்த இரு பிரிவினருக்கு ஒத்துப்போகாததால்தான் இரண்டாவது பள்ளி வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். பெரியது கனானாயருடையது, சிறியது ஆர்த்தடாக்ஸ் சபையினுடையது. சற்றுத் தள்ளி, ஆங்கிலேய மிஷனரிகள் வந்த வழியில் வளர்ந்த சி.எஸ்.ஐ. பேராலயம். இவை தவிர மார்த்தோமா, யாக்கோபாயர், கத்தோலிக்கரில் சீரோ மலபார், மலங்கரை, லத்தீன், அப்புறம் பெந்தெகொஸ்தே. தோமா வழி வந்தவர்கள் என்று பெருமைப்படும் சமூகம், 1653இல் கூனன் குருசு சத்தியத்தோடு பிளக்கத் தொடங்கி இன்னும் பிளந்துகொண்டிருக்கிறது.

இத்தனை கதவுகள் இருக்கும் ஊரில் கல்யாணம் மட்டும் எப்படிக் கதவு பார்த்து நடக்கும்? குடும்பம், படிப்பு, வேலை எல்லாம் பொருந்தினால் சபை வித்தியாசத்தைப் பெரியவர்கள் விழுங்கிக்கொள்கிறார்கள். வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. பெண் மாறுவாள். பிறந்த வீட்டு இடவகையிலிருந்து, அதாவது பங்கிலிருந்து, ஒரு குறி வாங்கிவந்தால் கணவனின் பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். பெண்ணின் விசுவாசத்தையும் சீர்வரிசையோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு. ஆண் மாறியதாகக் கேள்விப்படுவது அபூர்வம்.

மார்த்தோமாவும் சி.எஸ்.ஐ.யும் என்றால் சிக்கலே இல்லை. ஒரு சபையின் நற்கருணையை மற்றதில் வாங்கலாம். 1978 முதல் வட இந்தியத் திருச்சபையையும் சேர்த்து மூன்றுக்கும் கூட்டுக் கவுன்சில் இருந்தது. ஆர்த்தடாக்ஸ் வீட்டில் நுழையும் மார்த்தோமாப் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. பாட்டு, பிரார்த்தனை, சுறியானிச் சொற்கள் எல்லாம் பழகியவைதான். ஆனால் குர்பானாவில் அப்பமும் ரசமும் வாங்க, அந்தச் சபைக்காரியாக மாறியிருக்க வேண்டும். பெந்தெகொஸ்தே வாழ்க்கைத் துணை என்றால் தகராறு தொட்டில் அளவிலேயே ஆரம்பம். குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து விசுவாசித்த பிறகு முழுக்கு என்பது அவர்கள் கொள்கை. பாட்டிக்கோ நாற்பது நாளானதுமே அவசரம்.

ஆனால் மிகவும் கசப்பானது வித்தியாசமே இல்லாத இடத்தில்தான். ஆர்த்தடாக்ஸுக்கும் யாக்கோபாயருக்கும் ஒரே குர்பானா, ஒரே அங்கி, ஒரே நோன்பு. தலைமை யாருக்கு என்பதில்தான் சண்டை. கோட்டயம் தேவலோகத்தில் அரமனை கொண்ட காதோலிக்கோஸா, அந்தியோக்கியாவின் பாத்திரியார்க்கீஸா? மலங்கரைப் பள்ளிகளை 1934ஆம் ஆண்டு சட்டவிதிகளின்படியே நிர்வகிக்க வேண்டும் என்று 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமானது. பள்ளிகள் கைமாறத் தொடங்கின. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமான குடும்பங்களில் சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறைந்தது.

பள்ளி கைமாறும்போது கல்லறைத் தோட்டமும் கைமாறும். அங்கேதான் தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரும் படுத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்புப் பாதிரியார் ஜெபம் சொல்லி அடக்கம் செய்வதை யாக்கோபாயர் ஏற்கவில்லை. தங்கள் பாதிரியாரை உள்ளே அழைத்துவரவும் முடியவில்லை. 2019இல் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் உடல் ஒரு மாதத்துக்கும் மேலாக அடக்கத்துக்குக் காத்திருந்தது. 2020இல் கேரள அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி, குடும்பத்தார் உறங்கும் கல்லறையில் அடக்கம் செய்வது உரிமை. சடங்கை வேண்டிய பாதிரியாரைக் கொண்டு வேறிடத்தில் நடத்திக்கொள்ளலாம். எந்தப் பள்ளி என்ற கேள்விக்குள் ஒளிந்திருந்த கேள்வியைச் சட்டம் வெளியே இழுத்துப் போட்டது.

கத்தோலிக்கரும் யாக்கோபாயரும் இதை முன்பே யோசித்திருந்தார்கள். 1994இல் வெளியான இரு சபைகளின் கலப்புத் திருமண உடன்படிக்கை, பெண் மாறியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவரவர் சபையிலேயே இருக்கலாம். இறந்தவரின் சபை முறைப்படி இறுதிச் சடங்கு. ஆனால் அடக்கம் இரண்டில் எந்தக் கல்லறையிலும் செய்யலாம், குறிப்பாகத் துணைவர் ஏற்கெனவே அங்கே உறங்கினால். வாடிகன் வரை போன ஒரு காகிதத்தில் இப்படி ஒரு வரி இருப்பது ஆச்சரியம்தான். ஆர்த்தடாக்ஸ் தரப்போடு இதுபோன்ற உடன்பாடு இல்லை.

கனானாயக் கத்தோலிக்கர் கதை தனி. வெளியே கல்யாணம் செய்தால், மணந்தவர் கத்தோலிக்கராகவே இருந்தாலும், கோட்டயம் மறைமாவட்டத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. அப்படி வெளியேற்றக் கூடாது என்று 2021இல் கோட்டயம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; வழக்கு மேலே போனது.

பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் இளம் தம்பதிகளுக்கு இதெல்லாம் பாதி மறந்துபோகிறது. எந்த ஆலயத்தில் பார்க்கிங் கிடைக்கிறதோ, எங்கே பிரசங்கம் சுருக்கமோ, அங்கே போகிறார்கள். ஆனால் ஊரில் இரண்டு இடவகைகளுக்கும் சந்தா தவறாமல் கட்டுகிறார்கள். விடுமுறைக்கு வந்தால் மாமனாரின் நினைவு நாளுக்குக் கணவனின் பள்ளியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மனைவி ஆட்டோ பிடித்து அடுத்த பள்ளிக்குப் போகிறாள். அங்கே அவளுடைய அப்பாவின் கல்லறையில் கொஞ்ச இடம் பாக்கி இருக்கிறது.