ஒற்றைத் தலைவலியும் காலண்டரும்

45 வயதுக்கு மேல் ஒற்றைத் தலைவலி என்று படுத்தால், "வேலைக்குப் பயந்து படுத்துட்டா" என்ற பேச்சும் கூடவே வருகிறது. வலியைவிட அதுதான் கொடுமை! டாக்டரம்மா சொன்னபடி, வலி வந்த நாள், மாதவிலக்கு நாள், மாத்திரை போட்ட நாள் மூன்றையும் காலண்டரில் குறித்து வந்தேன். மூன்றே மாதத்தில் குட்டு வெளிப்பட்டது. விலக்குக்கு இரண்டு நாள் முன்பும், வெள்ளிக்கிழமை விரதத்தன்றும்தான் வலி! விலக்கு நிற்கப்போகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் தாறுமாறாக ஏறி இறங்குமாம்; நின்றபின் பலருக்கு வலி குறைந்துவிடுமாம். காலண்டரைப் பார்த்த மாமியார், "நீ படும்மா, ரசம் நான் வைக்கிறேன்" என்றார். விரதத்தன்று காலையில் இப்போது பாலும் பழமும் உண்டு. அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை!

மாத்திரையில் மட்டும் கவனம் வேணும். சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதம் 15 நாள், அதற்கு மேல் என்று தொடர்ந்து போட்டால், அதுவே தலைவலியைக் கொண்டுவரும். திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, பேச்சு குழறினாலோ காலண்டரைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.